கதவுக்காரி

அந்த ஆஸ்பத்திரியில் மொத்தம் நாற்பத்தொரு கதவுகள். வெளிக்கேட்டையும் கோழிக்கூண்டையும் சேர்க்காமல் சொல்கிறேன். நாற்பத்தொன்றும் தன் பாட்டன் வைத்துவிட்டுப் போன சொத்து என்பது அவள் எண்ணம். ஒன்றைத் திறந்தால் எதிரில் இருப்பதை மூட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கையில் இருக்கும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். மூடிவிட்டுத்தான் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். சித்தூரில் எல்லோரும் அவளைக் கதவுக்காரி என்றார்கள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதப் போவதில்லை. எங்கள் சபையார் நடத்தியது, சென்னை மாகாணம் என்று ஒன்று இருந்த காலம், அவ்வளவு போதும்.

அவள் வார்டு கூட்டித் துடைக்கும் வேலைக்காரி. நான் அங்கே ரைட்டர். கட்டில், போர்வை, விளக்கு, ஜன்னல் கண்ணாடி, நோயாளி எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்பது என் வேலை. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவளுக்கு ஐம்பது இருக்கலாம். அவளைக் கேட்டால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு வயது சொன்னாள், அதுவே எனக்கு எரிச்சல்.

கட்டடத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சொல்வது விளங்காது. நடுவில் நீண்ட நடை. நடைக்கு வடபுறம் பெண்கள் வார்டு, பன்னிரண்டு கட்டில். தென்புறம் தொற்று அறை, நான்கு கட்டில். மணல்வாரி அம்மை, தொண்டையடைப்பான், கக்குவான் வந்தவர்களுக்கு. இரண்டு அறைகளின் கதவுகளும் நேருக்கு நேர். கட்டியவர்களுக்கு அதில் பெருமை. தெற்கு ஜன்னலில் நின்று பார்த்தால் இரண்டு கதவுகளின் வழியாக வடக்கே வேப்பமரம் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அவள் ஒருத்திதான் பாராட்டவில்லை.

"கல்யாணச் சத்திரம் கட்டறாப்புல கட்டிட்டு ஆஸ்பத்திரின்னு போர்டு மாட்டிக்கினு கீறாங்க," என்பாள். "இங்க இருமினா அங்க போயி வுழும்."

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். அவள் நடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொற்று அறைக் கதவின் அடியில் சுருட்டுப் புகையை ஊதிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குள் சுருட்டு, அதுவும் ஒரு பெண்பிள்ளை. பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தாம்மா, என்ன பண்றே?"

"காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கறேன். குறுக்க நிக்காத."

"காற்றைப் பார்ப்பதற்குச் சுருட்டா? ஊதுவத்தி கொளுத்தக்கூடாதா?"

"ஊதுவத்திய சாமிக்குக் கொளுத்துவாங்க. நீ வேதக்காரன், உனக்கு அது கூடத் தெரியாதா ரைட்டரே?"

புகை கதவின் அடியில் நுழைந்து உள்ளே போனது. அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "இழுக்குது. நல்லா கீது," என்று போய்விட்டாள். புகை உள்ளே போனால் நல்லது. நடைப் பக்கம் திரும்பி வந்தால் கெட்டது. இதை ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்ப்பாள். டாக்டரம்மாவிடம் புகார் செய்தேன். அந்த அம்மாள் வயதானவர், கண்டிப்பானவர், தொற்று விஷயத்தில் யாரையும் விடாதவர். அவரே, "அவள் செய்வது சரிதான் ரைட்டர். சுருட்டை மட்டும் விடச் சொல்லிப் பாருங்கள்," என்றார். நான் பதினோரு தடவை சொன்னேன்.

அவள் வரதய்யபாளையம் பக்கத்துக்காரி. புருஷனோடு செங்கல் சூளையில் இருபது வருஷம் வேலை செய்தவள். சூளைக்கு எந்தப் பக்கம் வாய் வைத்தால் தீ எந்தப் பக்கம் ஓடும் என்பது அவன் தொழில். அவன் செத்த பிறகு இங்கே வந்தாள். தொற்று அறையின் மூலையில் துணி வேகவைக்கும் அடுப்பு ஒன்றும் அதன் மேல் செங்கல் புகைபோக்கியும் இருந்தன. துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அடுப்பு அணையக்கூடாது என்பாள். சித்திரை வெயிலில், சித்தூரில், ஓர் அறைக்குள் அடுப்பு. ஒரு நாளைக்கு மூன்று கட்டு விறகு.

"நோயாளி வெந்து சாகட்டுமா?" என்று கேட்டேன்.

"தீ மேல போச்சுன்னா காத்து அது பின்னால ஓடும். வெளியிலந்து உள்ள ஓடியாரும். உள்ள ஓடியார காத்துல நோவு ஏறி வெளிய போவாது. இது கூடவா பள்ளிக்கொடத்துல சொல்லித் தரல?"

சொல்லித் தரவில்லை. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பைத்தியமா?

ஈஸ்டர் அன்று சபைப் பாடகர் பதினான்கு பேரும் பாஸ்டரும் வார்டில் பாட வந்தார்கள். நடையின் முனையில் ஒரு கதவு, பெண்கள் வார்டுக்கு ஒரு கதவு. பதினைந்து பேரும் சேர்ந்து போனால் இரண்டையும் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அவள் மறித்துக்கொண்டாள். மூன்று பேரை உள்ளே விட்டு, முதல் கதவை மூடி, அடுத்ததைத் திறந்து அனுப்பி, அதை மூடி, பிறகு அடுத்த மூன்று பேர்.

"அம்மா, இது கர்த்தருடைய நாள்," என்றார் பாஸ்டர்.

"நாளு அவருது தான், அய்யா. கதவு என்னுது."

முதல் மூவர் பாட்டை எடுத்து விட்டார்கள். அடுத்த மூவர் சரணத்தில் சேர்ந்தார்கள். பாஸ்டரின் அங்கி நுனி கதவில் மாட்டிக்கொண்டது. கடைசி மூவர் உள்ளே வந்தபோது ஆமென் ஆகிவிட்டது. நோயாளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாட்டுத் தாளை அச்சுப்போல எழுதிக் கொடுத்தவன் நான்.

அந்த ஈஸ்டருக்கு அடுத்த வாரம் என் மனைவியைப் பெண்கள் வார்டில் சேர்த்தோம். ஐந்தாம் கட்டில். அதற்கு முன் மூன்று கர்ப்பம், மூன்றும் தங்கவில்லை. இது நான்காவது, ஆறு மாதம். எழுந்து நடக்கக்கூடாது, காய்ச்சல் என்று ஒன்று வரவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் மனைவிக்குச் சிறுவயதில் மணல்வாரி வந்ததில்லை. அதைத் தன் குடும்பப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். டாக்டரம்மா அதைக் கேட்டு முகம் சுளித்தார். அந்தச் சுளிப்புக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாளைக்கு ஒன்பது தடவை வார்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

"ரைட்டரே, ஒம்போது தாட்டி கதவத் தொறக்கிறியே," என்று அவள் நடையிலிருந்து கத்தினாள், எல்லோரும் கேட்கும்படி. "உன் பொண்டாட்டி எங்கனா ஓடிப்பூடுவாளா? அவளால எழுந்து நிக்கவே முடியாது."

வார்டே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அன்று முதல் எனக்கும் கதவுக்காரிக்கும் பேச்சு நின்றது.

இப்படி இருக்கும்போது டாக்டரம்மா இரண்டு மாத விடுப்பில் மலைக்குப் போனார். அவர் போன நாலாம் நாள் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சித்தூருக்குக் கரண்டு வந்த புதிது. யாரோ புண்ணியவான் தொற்று அறைக்கென்று மின்சாரக் காற்றாடி அனுப்பியிருந்தார். சுவரில் வட்டமாக ஓட்டை போட்டுப் பதிக்கும் வகை. பொருத்த வந்த ஆள் தெலுங்குக்காரர், சாது. ஏணியில் நின்றுகொண்டு, காற்றை உள்ளே விடவா வெளியே விடவா என்று கேட்டார். கேட்கிற கேள்வியைப் பார்.

"உள்ளேதான். நோயாளிக்கு விசிறுவதற்குத்தானே காற்றாடி? வெளியே மேயும் மாட்டுக்கா விசிறுவார்கள்?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே திருப்பி மாட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அற்புதமான காற்று. உள்ளே மணல்வாரியோடு கிடந்த மூன்று பிள்ளைகளின் போர்வையும் படபடவென்று அடித்தது. இனி அடுப்பு எதற்கு என்று அதையும் அணைக்கச் சொன்னேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புத்தான். அதை இன்றும் சொல்வேன்.

அவள் வந்து கதவடியில் சுருட்டை ஊதினாள். புகை அவள் முகத்திலேயே திரும்பி அடித்தது. நேரே காற்றாடியிடம் போய்த் துடைப்பக் கட்டையால் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். நான் போட்டேன். அவள் அணைத்தாள். ஒரு வாரத்தில் பதினேழு தடவை.

"உனக்கு இன்னா வந்துச்சு ரைட்டரே? நோவ ஊதி ஊதி நடையில தள்ளுது. கதவு மூடினாலும் சந்து வழியா தள்ளுது. எதுத்தாப்புல வார்டு. உன் பொண்டாட்டி தான படுத்துக்கினு கீறா?"

"எனக்குத் தெரியாததை நீ சொல்ல வேண்டாம்."

"தெரிஞ்சா செய்வியா?"

ஒரு வார்டு வேலைக்காரி, வார்டு நடுவில், பத்தாவது பாஸ் செய்தவனைப் பார்த்து. அன்றே ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அவள்மேல் புகார் எழுதினேன். எட்டாம் நாள் அவளைத் திருப்பதியில் யாத்ரிகர்களுக்காகச் சபையார் நடத்திய சின்ன வைத்தியசாலைக்கு மாற்றினார்கள்.

போகிற அன்று மத்தியானம் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனாள். என் மனைவி படுத்திருந்த கட்டிலை ஆளோடு தரதரவென்று இழுத்து, வடகிழக்கு மூலையில் வேப்பமர ஜன்னலின் அடியில் போட்டாள். ஐந்தாம் இடத்தை வெறுமனே விட்டாள். சாயங்காலம் வரிசையில் இருந்த கட்டில்களை எண்ணினேன். பதினொன்று. மூலையில் ஒரே நெருக்கடி, கதவுக்கு நேரே பல்லுப் போன வாய் மாதிரி ஒரு காலி இடம். போகிற போக்கில் எனக்குச் செய்த வம்பு என்றுதான் நினைத்தேன். கட்டிலை இழுத்துப் போட ஆள் கூப்பிட்டேன். என் மனைவி மாட்டேன் என்றுவிட்டாள். வேப்பங்காற்று சுகமாக இருக்கிறதாம்.

காலி இடத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வராந்தாவில் நாராயணவனத்திலிருந்து வந்த ஒரு பெண் இடமில்லாமல் இரண்டு நாளாகக் காத்திருந்தாள். மார்க்கட்டி, காய்ச்சல், இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. கிடங்கிலிருந்து கட்டில் எடுத்துவரச் சொல்லி ஐந்தாம் இடத்தில் போட்டு அவளையும் குழந்தையையும் படுக்க வைத்தேன். வரிசையில் மறுபடி பன்னிரண்டு. அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

பன்னிரண்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். பதினைந்தாம் நாள் உடம்பெல்லாம் மணல் மணலாக. அடுத்து நான்காம் கட்டில், ஆறாம் கட்டில். பெரியவர்கள் இருவரும் தேறினார்கள். குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருபதாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டது.

அந்தப் பெண்ணின் மாமியார் வந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, மருமகளைப் பார்த்து, சத்தம் போடாமல்தான் சொன்னாள்: "காப்புக் கட்டின ஊர்டி அது. அம்மனுக்குக் காப்புக் கட்டினப்புறம் எல்லை தாண்டாதன்னு அடிச்சிக்கினேன். உன் நோவு உனக்குப் பெருசாப் பூட்ச்சி. இப்ப அவ எடுத்துக்கினா. என் ஊட்டு வாசப்படி மிதிக்காத."

அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பதிவேட்டோடு இரண்டடி தள்ளி நின்றேன். ஒன்பது மணி என்று அதில் எழுதினேன்.

தந்தி கிடைத்து டாக்டரம்மா வந்தார். காற்றாடியை ஒரு நிமிஷம் பார்த்தார். "இதை உள்ளே திருப்பியது யார்?" என்றார். சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவளைப் போய் அழைத்து வாருங்கள். உங்கள் மனைவிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது," என்றார். படிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம்: என் மகள் நிறைமாதத்தில் பிறந்தாள், இன்று அவளுக்கே மூன்று பிள்ளைகள். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. திருப்பதி ரயிலில் பாகாலா ஜங்ஷன் வரை கட்டுச்சோற்றைப் பிரிக்கவில்லை.

திருப்பதி வைத்தியசாலையில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருமுகிறவர்கள் எல்லோரும் கிழக்கே, மற்றவர்கள் மேற்கே. காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. நடுவில் அவள் துடைப்பத்தோடு நின்றாள்.

"வா ரைட்டரே. அந்தப் பக்கம் உக்காராத. பொண்டாட்டி எப்பிடி கீறா?"

"நன்றாக இருக்கிறாள். அவளை மட்டும் ஏன் தள்ளிப் போட்டாய்?"

"பன்னண்டு கட்டிலயும் நான் ஒருத்தி இழுக்க முடியுமா? வயிறு தள்ளிக்கினு இருந்தவ அவ ஒருத்தி. காத்தாடி காத்து நேரா வந்து அஞ்சாங்கட்டில்ல தான் மோதுச்சு, பொகை வுட்டுப் பாத்தேன். அத்தாலதான் அந்த எடத்தக் காலியா வுட்டேன்." என் முகத்தைப் பார்த்தாள். "காலியா தான கீது?"

சொன்னேன். கட்டில் போட்டதை, குழந்தையை, மாமியார் சொன்னதை, எல்லாவற்றையும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தம்மா அப்பிடிச் சொல்லச்சொல்ல நீ இன்னா சொன்ன?"

"நான் என்ன சொல்வது? அவர்கள் வீட்டு நம்பிக்கை."

"காத்தாடிய திருப்பினவன் நீ. அம்மன் மேல பழி, அந்தப் பொண்ணு மேல பழி. நீ நோட்டுப் பொஸ்தகத்தப் புடிச்சிக்கினு நின்னியா?" துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "நான் வர்றேன். சாயங்கால வண்டிக்கே போறேன். நீ என்னோட வராத. நாராயணவனம் போ. போயி காத்தாடின்னு சொல்லு."

"கடிதம் எழுதுகிறேன்."

"எழுதினா அத யாரு படிப்பா? அந்தத் தெருவுல படிச்சவன் கெடையாது. படிச்சவன் நீ, நீயே போ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டரம்மா சொல்லாததை, கமிட்டி கேட்காததை, கூட்டுகிறவள் சொல்கிறாள். புத்தூர் வரைக்கும் ரயிலில் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். ஜட்காவிலும் திட்டினேன். திரும்பிப் போக எனக்கு ஆறு இடத்தில் வழி இருந்தது. திரும்பவில்லை. நான் சொல்லாமல் போய் நின்றால், சொன்னாயா என்று அவள் வார்டு நடுவில் கேட்பாள் என்பது ஒரு காரணம். அது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய்.

நாராயணவனத்தில் கோயிலுக்குத் தெற்கே கடைசித் தெரு. மாமியார் புளி அரிந்துகொண்டிருந்தாள். மகன் கூலிக்குப் போய் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன்.

"காத்தாடியா?" என்றாள் அந்த அம்மாள். "காத்து எப்பிடி சாமி கொல்லும்? காத்து தான உசுரு?"

மறுபடி சொன்னேன். எதிர் அறையில் மூன்று பிள்ளைகளுக்கு அம்மை, அவர்கள் இருமியது காற்றில் கலந்தது, காற்றாடி அதை நடைக்குத் தள்ளியது, நடையிலிருந்து குழந்தை படுத்த இடத்துக்கு. உங்கள் மருமகள் எல்லை தாண்டியதால் வந்ததல்ல. அந்த இடத்தில் யார் குழந்தை கிடந்திருந்தாலும் வந்திருக்கும்.

மகன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "காத்த அந்தப் பக்கமா தள்ளச் சொன்னது யாரு?"

"நான்."

"அங்க படுக்கச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

அடிப்பான் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். "எங்கம்மாகிட்ட சொன்னத அவகிட்ட வந்து சொல்லு," என்றான். ஆற்றுக்கு அக்கரையில் அவன் மனைவியின் அம்மா வீடு. நான்கு மைல். மணலில் அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால். 

அந்தப் பெண் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்ததும் எழுந்தாள். அவன், "இந்தாளு சொல்றதக் கேளு," என்று தள்ளி நின்றுகொண்டான். சொன்னேன். முறத்தை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் தாண்டினதால இல்லியா?"

"இல்லையம்மா."

"எம்பாலு கெட்டதால இல்லியா?"

"இல்லை."

"சாமி கோவமும் இல்லியா?"

"இல்லை. காற்றாடி. நான் திருப்பி வைக்கச் சொன்னேன்."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்தாள், ஓடிவிடுவேன் என்பது போல. பக்கத்து வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "இவங்ககிட்ட சொல்லு," என்றாள். சொன்னேன். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் காற்று எப்படிக் கொல்லும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். தொண்டை வறண்டுவிட்டது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

அந்தத் தெருவில் பதினெட்டு வீடு. ஆறாம் வீட்டில் எனக்குக் குரல் எழும்பவில்லை. அவளே சொன்னாள், நான் சொன்னதைவிடத் தெளிவாக: எதிர் அறை, மூன்று பிள்ளை, காற்றாடி, நடை, கட்டில். சட்டைக் கையை விடாமல், மற்றக் கையால் என்னைக் காட்டி, "உள்ளாற திருப்பி வெச்சது இவுரு," என்றாள். அந்த வீட்டுக் கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டிலிருந்த தன் தம்பியை எழுப்பப் போனார்.

இன்னும் பன்னிரண்டு வீடு இருந்தது.